ஒழுங்கைக்கு அடங்கிய மெசின்

உழவு இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் மண்ணைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கையிருப்பைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்த்தது ஒழுங்கையின் அகலத்தை. சம்பூரில் என் வளவுக்கும் அக்காவின் வளவுக்கும் நடுவால் ஓர் ஒழுங்கை போகிறது. தெருவில் தொடங்கி, பின்னால் இருக்கும் இரண்டரை ஏக்கர் தோட்டக் காணியில் முடிகிறது. காணி என்னுடையது. அதற்கு வேறு வழி கிடையாது. அக்காவோடு எனக்கு எட்டு வருடமாகப் பேச்சில்லை. ஆகவே எந்த மெசின் வாங்கினாலும், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அது அந்த ஒழுங்கையால் உள்ளே போய் வெளியே வரவேண்டும். குதிரைவலு, கலப்பை எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் முடித்து ஆண்தான் வந்து சேருவான். அதனால் அயல் சண்டை என்று எங்காவது காதில் விழுந்தால் முக்கால்வாசி அது அக்கா தங்கைச் சண்டையாக இருக்கும். அம்மா முன்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வளவு தந்தார். பின்பக்கத் தோட்டக் காணி எனக்கு, குளத்துக்குக் கீழே இருந்த வயல் அக்காவுக்கு. பிரித்ததில் இரண்டு பேருக்கும் மனக்குறை இருக்கவில்லை. குறை வந்தது யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த பிறகு.

திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணறுகள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. நில அளவையாளர் வந்து வளவுகளின் மூலைகளில் கல் நட்டார். ஒழுங்கைக்கு எவ்வளவு விடுவது என்று நீங்களே பேசிச் சொல்லுங்கள், வரைபடத்தில் குறிக்கிறேன் என்றார். அக்கா பத்தடி விடுவோம் என்றார். நான் எட்டடி காணும் என்றேன். வாய் தடித்தது. இடம்பெயர்ந்திருந்த காலம் முழுவதும் நான் அரசாங்க உத்தியோகத்தில், திருகோணமலை நகரத்தில், கல்வீட்டில் வாடகைக்கு இருந்தவள். அக்கா ஒன்பது வருடம் பிள்ளைகளோடு முகாமில், தகரக் கொட்டிலில் இருந்தவர். நான் சொன்னது இதுதான்: “தகரக் கொட்டிலில கிடந்து பழகின உனக்கு வளவின்ர அளவு என்னெண்டு விளங்கப்போகுது.”

அக்கா எட்டடிக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அதோடு பேச்சு நின்றது. நான் சொன்னது தப்பு என்று அன்று பின்னேரமே எனக்குத் தெரியும். போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. வாய் நீளும், மன்னிப்பு என்று வரும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும்.

பேச்சில்லை என்றால் தொடர்பே இல்லை என்று நினைக்கக்கூடாது. தைப்பொங்கலுக்கு அக்கா வீட்டிலிருந்து பொங்கல் வரும். என் கணவர் போய் வாங்கி வருவார். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது, நான் அதில் மோதகமோ வாழைப்பழமோ வைத்து அனுப்புவேன். எனக்குச் சொல்ல வேண்டியதை அக்கா தன் ஆட்டுக்குச் சொல்வார். “வேலிக்கு மேலால குப்பை எறிஞ்சா ஆடு தின்னும், பிறகு ஆட்டுக்கு வயித்து வருத்தம் வரும்” என்று ஆட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். அடுத்த நாளிலிருந்து நான் குப்பையை வேறு பக்கம் கொட்டுவேன். எட்டு வருடம் நிர்வாகம் இப்படித்தான் நடந்தது, பெரிய குறையும் இல்லை.

நான் முப்பது வருடம் களஞ்சியக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். திணைக்களத்துக்கு வரும் சாமான் ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணி, ஏற்க வேண்டியதை ஏற்று, திருப்ப வேண்டியதைத் திருப்பி அனுப்புவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு தோட்டத்தை முழு நேரமும் பார்ப்பதென்று முடிவு செய்தேன். அதுவரை மூதூரிலிருந்து ஒருவர் இரண்டு சில்லு மெசின் கொண்டுவந்து உழுது தருவார். அவர் அதை விற்றுவிட்டு வெளிநாடு போனார். வயல் உழுகிற பெரிய மெசின்காரர்கள் ஒழுங்கையின் வாயில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள ஏலாது” என்று சொல்லித் திரும்பினார்கள். இரண்டு மாரி அப்படியே போய்விட்டது. காணியில் பாதி இப்பில் இப்பில் மரப் பற்றை. மூன்றாவது மாரியையும் விட்டால் அது காடுதான். முதல் மழைக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, விதைத்தாக வேண்டும்.

மெசின் வாங்கப் போகிறேன் என்ற செய்தி வெளியே போனதும் வாய் உள்ள எல்லோரும் புத்தி சொன்னார்கள். இங்கே எல்லோரும் மெசினைச் சேற்றில் வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். புதைந்தால் ஏறி வருமா, இரும்புச் சில்லு பூட்டலாமா, ஒரு ஏக்கர் வயலை எத்தனை மணித்தியாலத்தில் சேறடிக்கும். எனக்கு வயலே கிடையாது என்று சொன்னாலும் அவர்களுக்கு ஏறவில்லை. நாற்பத்தைந்து குதிரைவலுவுக்குக் குறைந்தது மெசினே இல்லை, விளையாட்டுச் சாமான் என்றார்கள். நான் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டால் சொல்கிறவர் சீக்கிரம் முடித்துவிடுவார், இது உத்தியோகத்தில் படித்தது.

உண்மையில் என் தேவை சின்னது. மண் சிவப்பும் மணலும் கலந்தது. பாரமான மெசின் இரண்டு தரம் ஓடினால் கீழ் மண் இறுகி, கச்சான் காய் இறங்க இடமில்லாமல் போய்விடும். ஆகவே எடை குறைவாக வேண்டும். பற்றைக்குள் இழுக்க வேண்டும், ஆகவே நாலு சில்லும் சுழல வேண்டும். வரப்பு முடிவில் குறுகலாகத் திரும்ப வேண்டும். ஓட்டப்போவது நான், ஆகவே என் கால் கிளச்சுக்கு எட்ட வேண்டும். இருபதிலிருந்து இருபத்தைந்து குதிரைவலு தாராளம்.

பிறகு ஒழுங்கையை அளந்தேன். ஒரு நாள் அல்ல, பல நாள். காலையில் ஒரு தரம், வேலி இலை வெட்டிய பிறகு ஒரு தரம், தெருப்பக்கம், நடு, காணிப்பக்கம் என்று. இரண்டு பக்கமும் கிளுவைக் கதியால் நட்டு வளர்த்த வேலி. கதியால் என்பது வெட்டி நட்டால் வேர் பிடித்து மரமாகிற தடி. அதனால் அளவு இடத்துக்கிடம் மாறும். ஆகக் குறுகின இடத்தில், அடிமரத்திலிருந்து அடிமரத்துக்கு, நாலடி பத்து அங்குலம். எட்டடி விட்ட ஒழுங்கை. குறைந்த மூன்றடியும் அக்காவின் பக்கம் போயிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அளக்கும்போது அக்கா தன் பக்கத்தில் துணி காயப்போடுகிற சாட்டில் நின்று பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி நாடாவை இழுப்பேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பார்க்கட்டும், நீ தின்ற நிலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும் என்கிற திருப்தி.

“நீர் தேடுறது மெசினோ, மாப்பிள்ளையோ?” என்று என் கணவர் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எதையும் நேரே சொல்ல மாட்டார், சிரித்துக்கொண்டு சுற்றி வருவார். “இவ்வளவு அளந்து ஆரும் எனக்குப் பொம்பிளை பாக்கேல்ல.”

“அதாலதான் இப்பிடி மாட்டுப்பட்டீங்கள்” என்றேன்.

“ஒரு வழி இருக்கு. அக்காவிட்ட ஒரு சொல்லுக் கேட்டா...”

“தேவையில்லை.”

அவர் அதற்கு மேல் போகவில்லை. தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டார்.

முதலில் பழைய மெசின் பார்க்க இறக்கக்கண்டிக்குப் போனோம். இருபத்திரண்டு குதிரைவலு, புதுப் பெயின்ற், ரயர் நல்ல நிலை, அகலமும் பொருந்துகிறது. விற்கிறவர் மீன்பிடிக்காரர். தோட்டத்துக்குத்தான் வாங்கினது, அதிகம் ஓடவில்லை என்றார். நான் குனிந்து அடியைப் பார்த்தேன். சில்லுக்கு உள்பக்கம் இருந்த ஆணியொன்றை வீட்டுத் திறப்பால் சுரண்டினேன், பாணின் பொருக்கு மாதிரி உதிர்ந்தது. தோட்டத்தில் நிற்கிற மெசின் அப்படி உதிராது. அது கடலுக்குள் பாதி இறங்கிப் போட் இழுக்கிற மெசின். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். “கடைசி ரெண்டு மாசம்தான் இழுத்தது” என்றார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் தன் சாமானைத் தள்ளிவிடத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு கிண்ணியாவில் சின்ன மெசின் விற்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் போனோம். யார்டுக்குள் வரிசையாக நின்ற பெரிய மெசின்களைத் தாண்டி, மூலையில் மூன்று சின்ன மெசின் நின்றன. மண் என்ன மண் என்று அவர் கேட்டார். நான் பையிலிருந்த மண்ணை அவருடைய கையில் கொட்டினேன். அதை விரலால் தேய்த்துப் பார்த்தவர் அந்த மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

“மெசின் பாக்கிறவங்க மெசினைத்தான் பாப்பாங்க, மிஸ்” என்றார் அவர். “வேலை செய்யுறது பின்னால பூட்டுற சாமான். அதை முதல்ல சொல்லுங்க. அதுக்கு எவ்வளவு வலு வேணுமோ அந்த மெசினை நான் காட்டுறன்.”

நான் கொப்பியைத் திறந்தேன். ஐந்து கொழுக் கலப்பை, பற்றை வேரைக் கிளப்ப. மண்ணைப் பொடியாக்க ரொட்டவேட்டர். ஒரு மட்டப் பலகை. அவ்வளவுதான். முன்னால் மண் அள்ளுகிற வாளியும் வேண்டுமா என்றார். வேண்டாம், பாரம் முன்னுக்குப் போய்விடும், அள்ளுவதற்கு எனக்கு மலையும் இல்லை. குழி தோண்டுகிற சாமான்? தென்னை வைக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. பெட்டி?

பெட்டியில்தான் பேச்சு இழுபட்டது. பெட்டி என்றால் பின்னால் பூட்டிச் சாமான் ஏற்றுகிற இழுவைப் பெட்டி. பெட்டியோடு மெசின் வாங்கினால் அது ஊருக்குச் சொந்தம். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர் ஏற்ற, செத்த வீட்டுக்குக் கதிரை ஏற்ற, யாரோ கட்டுகிற வீட்டுக்குச் சீமெந்து ஏற்ற என்று வாசலில் ஆள் நிற்கும். மறுக்க முடியாது. மறுத்தால் நாளைக்கு என் வீட்டுச் சாவுக்கு யாரும் கதிரை கொண்டுவர மாட்டார்கள். பெட்டி இல்லாவிட்டால் மறுக்க வேண்டிய தேவையே வராது. இதை நான் விளங்கப்படுத்தியபோது நானா தலையை ஆட்டிச் சிரித்தார்.

“பெட்டியில்லாம மெசின் கேட்ட முதல் ஆள் நீங்கதான். மாஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் ஒண்டும் சொல்றதில்லை” என்றார் என் கணவர். “நான் காவலுக்கு வந்தனான்.”

பிறகு நான் நாடாவை எடுத்தேன். மூலையில் நின்ற மூன்றையும் பின் ரயரின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அளந்தேன். ஒன்று நாலடி நாலங்குலம், ஒன்று நாலடி இரண்டு. சிவப்பு நிறத்தில் நின்றது நாலடிக்கு ஓரங்குலம் குறைவு. மற்ற இரண்டும் வலு கூடியவை, விலைக்கு நல்ல சாமான் என்று நானாவே சொன்னார். நான் சிவப்பைக் காட்டினேன்.

அவர் என்னையும் நாடாவையும் பார்த்தார். “பாதை ஒடுக்கமா?”

“ஓம்.”

“எவ்வளவு?”

சொன்னேன். அவர் யோசித்தார். “மெசின் போகும். ஆனா ஒண்டு சொல்றன். பாதைக்காக மெசினைச் சுருக்குறதை விட, பாதையைக் கொஞ்சம் அகட்டுறது லேசு. ஒரு பக்கம் ஆற்ற வேலி?”

“அக்காவின்ர.”

“மற்றப் பக்கம்?”

“என்ர.”

“அப்ப உங்கட பக்கத்தைக் கொஞ்சம் தள்ளினா வேலை முடிஞ்சிதே.”

“என்ர வேலி சரியான இடத்தில நிக்குது, நானா.”

அவர் வேறு பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமினார். என் கணவர் யார்டின் கூரையைப் பார்த்தார். இரண்டு பேரும் அப்போது என்ன நினைத்தார்கள் என்று இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு, இந்த ஆண்களுக்கு வேலியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

ரொட்டவேட்டர் அப்போது யார்டில் இருக்கவில்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும். படம் போட்ட தாளைக் காட்டினார். அகலம் நாலடி என்று இருந்தது. மெசினை விட ஓரங்குலம்தான் கூட. “கொஞ்சம் கூடத்தான் இருக்கணும். ரயர் அமத்தின தடத்தை அது கிளறி மூடணும், இல்லாட்டி தடம் தடமா மண் இறுகிக் கிடக்கும். மறுகா அதில ஒண்டும் முளைக்காது” என்றார். நல்ல நியாயம். நாலடி என்று எழுதிக்கொண்டேன். யார்டிலேயே அரை நாள் ஓட்டிப் பழகினேன். பின்னால் தூக்குகிற கையை ஏற்றி இறக்கப் பழகியதும், இவ்வளவு காலம் இதை ஏன் ஆண்களிடம் விட்டு வைத்திருந்தோம் என்று தோன்றியது. சந்தோசமாக இருந்தது. மெசின் மூன்று கிழமையில் வீட்டுக்கு வரும் என்றார்.

அந்த மூன்று கிழமைக்குள் அக்கா தன் வேலியை வெட்டினார். கிளுவையை அடியோடு எடுத்துவிட்டு, கொங்கிரீட் தூண் நட்டு, ஐந்து வரி முட்கம்பி இழுத்தார். மேசன்மார் இரண்டு நாள் வேலை செய்தார்கள். கிளுவை என்றால் மெசின் உரசினாலும் வளைந்து கொடுக்கும், கொங்கிரீட் கொடுக்காது. நான் மெசின் வாங்குவது தெரிந்து, வேண்டுமென்றே செய்கிறார் என்று கணவரிடம் சொன்னேன். மாலையில் அக்கா ஆட்டிடம், “அளக்கிறவை அளக்கட்டும். கல்லு நட்டாச்சு. இனி ஆரும் வந்து பாக்கலாம்” என்றார். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் ஆடு கிடையாது.

மெசின் வந்த நாள் வானம் கருக்கட்டி நின்றது. லொறி தெருவில் இறக்கிவிட்டு, ரொட்டவேட்டரையும் பின்னால் பூட்டித் தந்துவிட்டுப் போனது. பூட்டி நின்றபோது அது தாளில் இருந்ததை விட அகலமாகத் தெரிந்தது. முப்பது வருடம் சாமான் அளந்து ஏற்ற கை, நாடாவை எடுக்கவில்லை. மழைக்கு முன் உள்ளே போய்விட வேண்டும் என்ற அவசரம். ஏறி உட்கார்ந்து, ஒழுங்கைக்குள் விட்டேன். மெசின் அழகாகப் போனது. கொங்கிரீட் தூணுக்கும் ரயருக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. நடுவில், ஆகக் குறுகின இடத்தில், பின்னால் கிரீச் என்றது. மெசின் நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரொட்டவேட்டரின் ஒரு பக்கம் என் கிளுவையின் அடிமரத்துக்குள் ஏறிக் கிடந்தது. மற்றப் பக்கம் அக்காவின் தூணோடு இறுகி, முட்கம்பியைக் கொழுவியிருந்தது. முன்னும் ஏலாது, பின்னும் ஏலாது. இப்போது நாடாவை எடுத்தேன். தாளில் இருந்த நாலடி, கத்தி வெட்டுகிற அகலம். கத்திக்கு வெளியே சட்டகம், சட்டகத்துக்கு வெளியே சங்கிலிப் பெட்டி. எல்லாம் சேர்த்து ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. ஒழுங்கையை விட ஓரங்குலம் கூட. வேறு யாராவது இப்படி ஏற்றிருந்தால் நான் விளக்கக் கடிதம் கேட்டிருப்பேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். ஆட்டைக் கூட்டிவரவில்லை. கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மடித்த தாள். முகம் வெளிறியிருந்தது.

“வழக்குப் போடுறதெண்டா போடு” என்றார், என்னைப் பார்த்து. “என்னட்டையும் பிளான் இருக்கு. கச்சேரிக்குப் போய் எடுத்தனான். என்ர தூண் பிளானில உள்ள கோட்டில நிக்குது, ஒரு நூல் அங்கால இல்லை.”

எட்டு வருடத்தில் என் முகத்துக்கு நேரே வந்த முதல் பேச்சு அது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன வழக்கு?”

“மூண்டு மாசமா நாடாவோட திரியிறாய். பிறகு எதுக்கு அளக்கிற?”

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் ஒருத்தி வேலியோரம் நாடாவோடு நின்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அந்த அர்த்தத்தில்தான் நானும் மற்றவர்களைப் பார்ப்பேன். பயந்துபோய் அக்கா அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அலைந்திருக்கிறார், இல்லாத வழக்குக்குக் கொங்கிரீட் நட்டிருக்கிறார்.

“மெசின் வாங்கத்தான் அளந்தனான்” என்றேன். “எது இதுக்குள்ளால போகுமெண்டு.”

அக்கா மெசினைப் பார்த்தார். தூணுக்கும் கிளுவைக்கும் இடையில் இறுகிக் கிடந்த ரொட்டவேட்டரைப் பார்த்தார். “இதுக்கோ?”

“ஓம்.”

“வாயால கேட்டிருக்கலாமே.”

நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா பையிலிருந்து பிளானை எடுத்து, மெசினின் முன்பக்கத்தில் விரித்தார். எட்டடி என்று அதில் எழுதியிருந்தது, கீழே இரண்டு கையெழுத்து. “பிடி” என்று என் நாடாவை வாங்கி, ஒரு நுனியை என் கையில் தந்தார். தெருவோரம் அளவையாளர் நட்ட கல் இரண்டும் புல்லுக்குள் அப்படியே இருந்தன. அவற்றிலிருந்து தொடங்கினோம். அக்காவின் முதல் தூண் கோட்டில் நின்றது. இரண்டாவது கோட்டில். நடுத் தூணும் கோட்டில். அங்கிருந்து எட்டடியை என் பக்கம் இழுத்தபோது, நான் என் வேலிக்குள்ளால் கையை விட வேண்டி வந்தது. நுனி போய் நின்றது என் மிளகாய்ப் பாத்தியில். வேலியிலிருந்து முப்பத்தெட்டு அங்குலம் உள்ளே. குறைந்த அவ்வளவும் என்னுடையது.

ஒவ்வொரு மாரிக்கும் பட்டுப்போன கதியாலை எடுத்துவிட்டுப் புதியதை நடுகிறபோது, பழைய குழிக்குள் வேர் கிடக்கும். அதனால் சற்றுத் தள்ளி நடுவேன். எந்தப் பக்கம் தள்ளுவது? மிளகாய்ப் பாத்தி இருக்கிற பக்கமா, ஒழுங்கைப் பக்கமா? நாலங்குலம், ஐந்தங்குலம். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னாலும் முழு உண்மை இல்லை. கை நட்டது, மனம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

அக்கா நாடாவைச் சுருட்டினார். “கிளுவைதானே” என்றார், என்னைப் பார்க்காமல். “ஈரத்துக்குச் சாஞ்சு சாஞ்சு போயிருக்கும்.”

எனக்காக ஒரு வாசலைத் திறந்து விடுகிறார் என்று தெரிந்தது. அதற்குள்ளால் போக எனக்கு மனம் வரவில்லை.

“சாயேல்ல” என்றேன். “நான்தான் தள்ளித் தள்ளி நட்டனான்.”

“தெரியும். ஒவ்வொரு மாரிக்கும் நீ நடேக்க பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“பிறகேன் சொல்லேல்ல?”

அக்கா பிளானை மடித்தார். மடித்ததைத் திரும்ப ஒரு தரம் மடித்தார்.

“சொல்ல வந்தா நீ திரும்பவும் அதைச் சொல்லுவாய் எண்டு பயந்தனான்.”

எதை என்று நான் கேட்கவில்லை. எட்டு வருடமாக அக்கா என் மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கோபம் என்றால் எனக்குப் பழக்கம், பதிலுக்குக் கோபித்துக்கொண்டு இருந்துவிடலாம். இது பயம். ஒன்பது வருடம் முகாமில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய மனுசி, என் ஒரு வாக்கியத்துக்குப் பயந்து மூன்றடி நிலத்தை வருடத்துக்கு வருடம் பார்த்துக்கொண்டே விட்டுக்கொடுத்திருக்கிறார். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

“சொல்ல மாட்டன், அக்கா” என்றேன். “அண்டைக்கும் சொல்லியிருக்கக்கூடாது.”

அவர் வீட்டுக்குள் போய்க் கத்தியோடு வந்தார். நான் கை நீட்டும் வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வேலியை நான்தான் வெட்டினேன். வெட்டிய கதியால்களை அவர் இழுத்து ஓரமாகப் போட்டார்.